அது பசி இல்லை

நான் நடத்துனர், அதே பேருந்தின் ஓட்டுநர் என் அக்காள் புருஷன். பணிமனையில் மாமாவுக்கு 'பிஸ்கட்' என்றுதான் பெயர். வண்டி நிற்கும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கடிப்பார். "வண்டிக்கு டீசல், இவருக்கு பிஸ்கட்" என்று கிண்டலடிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார். வயிறு காலியானால் நெஞ்சுக்குழிக்குக் கீழே காந்தும்; ஏதாவது தின்றால் அடங்கும். மனுஷன் அதைப் பசி என்றே நினைத்திருந்தார்.

இடுப்புவலி வேறு. வலி மாத்திரை எங்கள் பணிமனையில் தீப்பெட்டி மாதிரி கைமாறும். வெறும் வயிற்றில் டீயோடு ஒன்றை விழுங்கிவிட்டு வண்டியை எடுப்பார்.

ஒருநாள் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, "மாப்ளே, கண்ணு இருட்டுது" என்றார். மலம் தார் போல் கறுப்பாகப் போவதை அன்றைக்குத்தான் சொன்னார். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, குடல் தொடங்கும் இடத்தில் புண் என்றார்.

"காரம் தின்னதாலயா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"இல்லம்மா. வயித்துல ஒரு கிருமி இருக்கு. அதோட வலி மாத்திரையும் சேர்ந்து அரிச்சிடுச்சு."

கிருமிக்கும் அமிலத்துக்கும் மருந்து தந்தார். காந்தல் நின்றாலும் பாதியில் விடக்கூடாது, வலி மாத்திரையை இனித் தொடவே கூடாது என்றார். பிள்ளை இல்லாத வீடு; அக்காவுக்கு எல்லாமே அவர்தான். அவர் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. மருந்தை முழுதாக முடித்தார். மறுபரிசோதனையில் கிருமி இல்லை. பிஸ்கட்டும் நின்றது. ஆனால் பயந்து பயந்து, கொறித்துத்தான் சாப்பிட்டார். அக்காவுக்கு அதுவே கவலை.

சில மாதம் கழித்து மறுபடி பிஸ்கட் கடிக்க ஆரம்பித்தார். அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடா, பழையபடி பசி எடுக்குது!" என்று தானே வாங்கி அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள்.

பிறகு ஒரு காலை, ஸ்டியரிங்கின் மேலேயே கவிழ்ந்தார். வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. புண் குடலை ஓட்டை போட்டுவிட்டது, உடனே அறுவை செய்யவேண்டும் என்றார் அதே டாக்டரம்மா.

"மறுபடியும் வலி மாத்திரை சாப்பிட்டாரா?"

"ஐயோ, ஒண்ணுகூடத் தொடல டாக்டர்!" அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது.

மாமா மெதுவாகக் கண் திறந்தார். "மாத்திரை சாப்பிடலம்மா. இடுப்பு தாங்கல, ஊசிதான் போட்டுக்கிட்டேன். அது வயித்துக்குள்ள போகாதுல்ல?"

பஸ் நிலையத்தை ஒட்டிய கிளினிக்கில், எனக்கும் தெரியாமல் போட்டிருக்கிறார். பாவி மனுஷன், சத்தியத்தைக் காப்பாற்றுகிறாராம்!

"ஊசியும் ரத்தத்துல கலந்து அதே வேலையத்தாங்க செய்யும்" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் இறங்கிவிட்டது.

அறுவை முடிந்தும் சீழ் உடம்பெல்லாம் பரவி, மாமா பிழைக்கவில்லை.

அவருடைய காக்கிச் சட்டையை மடித்து அக்காவிடம் தந்தார்கள். பையில் அவள் வைத்தனுப்பிய பொட்டலம் பாதி காலியாக இருந்தது. மிச்சமிருந்த பிஸ்கட்டை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"அப்ப அது பசி இல்லையாடா?" என்று என்னைக் கேட்டாள்.