வாசலுக்கு ஒரு பத்தி

பக்கவாதம் வந்த பிறகு இவருக்கு வீட்டுக்குள் இருப்பதே தண்டனையாகிவிட்டது. விறாந்தை விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. சில்லுக் கதிரையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனால்தான் முகம் தெளியும். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்; கண்டி வீதியால் போகிற லொறியைப் பார்த்தே என்ன ஏற்றியிருக்கிறது என்று சொல்லுவார். ஆனால் காலைச் சாப்பாடு முடிவதற்குள் வாசலில் வெயில் நெருப்பாய்க் கொட்டும்.

முன்சுவரிலிருந்து தகரக் கூரையாய் ஒரு பத்தி இறக்கினால் போதும், கதிரை நிற்கிற அளவுக்கு நிழல். அவ்வளவுதான் நான் கேட்டது.

அனுமதி கேட்டுப் போனால், பிரதேச சபைக் கந்தோரில் படம் கீறிக்கொண்டு வரச் சொன்னார்கள். படத்தோடு போனால், பிரதான வீதியோரம், வீதிக் கந்தோர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். வீதிக் கந்தோரில், முதலில் சபை சிபாரிசு செய்யட்டும் என்றார்கள். படத்தை அந்த மேசையிலேயே கிழித்தெறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. திரும்பக் கீற ஆள் பிடிக்க வேண்டுமே என்று அடக்கிக்கொண்டேன்.

ஒருவழியாக உத்தியோகத்தர் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். நல்ல பிள்ளைதான். வாசற்படிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, இதுக்கு அங்கால கூரை போட ஏலாது. வீதி அகலிச்சால் உடைக்க வேண்டி வரும்."

"உடைக்கேக்க உடையுங்கோ தம்பி. இவருக்கு இப்பவெல்லோ நிழல் வேணும்."

"விளங்குது அக்கா. சட்டம் விடாது."

"கிடுகால ஒரு பந்தல் போட்டால்?"

"விசேஷம் எண்டால் போடுங்கோ, ஆரும் கேக்க மாட்டினம். என்ன விசேஷம்?"

இவர் கோணிய வாயால் சிரித்தார். "நான் இன்னொரு கலியாணம் கட்டப் போறன் எண்டு சொல்லும்."

அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாள் பழைய சேலை ஒன்றை இழுத்துக் கட்டினேன். கச்சான் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் வேலியில் போட்டது.

ஆவணியில் ஒரு விடியற்காலை இவர் போய்விட்டார். மத்தியானத்துக்குள் அயலட்டைப் பெடியள் இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, வீதிக் கரை வரைக்கும் பந்தல் போட்டு முடித்துவிட்டார்கள். யாரும் படம் கேட்கவில்லை, யாரும் அளக்கவில்லை.

பின்னேரம் அந்த உத்தியோகத்தரும் வந்தார். கூரை போட ஏலாது என்று அன்று அவர் காட்டிய இடத்தில்தான் கதிரை கிடைத்தது. என்னைக் கண்டதும் எழும்பி, பந்தலுக்கு வெளியே போய் நின்றார்.

"இருங்கோ தம்பி," என்றேன். "வெயிலுக்க நிக்காதேங்கோ."

தலையைக் குனிந்துகொண்டு திரும்ப வந்து இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரே நிழலில் இருக்கிறது. இவர் மட்டும் இன்னும் உள்ளே, அந்த விசிறிக்குக் கீழே கிடக்கிறார்.

"பெட்டியை வெளியில கொண்டு வாங்கோ," என்றேன்.

"கிரியைக்கு இன்னும் நேரம் கிடக்கு," என்றார் மைத்துனர்.

"கிடக்கட்டும். இப்பவே கொண்டு வாங்கோ."

கொண்டுவந்தார்கள். தலைமாட்டை உயர்த்தி, வீதிப் பக்கம் முகம் இருக்கும்படி வைக்கச் சொன்னேன்.