அண்ணிக்குப் புரிஞ்சுதா?

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முறைப்படி அப்படிக் கூப்பிட வேண்டியவர் முதலாளி ஒருவர்தான். அவள் கணவரின் தம்பி. மற்றவர்களுக்கு அவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிகூடக் கதவைத் திறந்துவிட்டு "வாங்க அண்ணி" என்பார்.

இணையதளங்களை வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனம் அது. அங்கே அவள் பார்த்த வேலை, புரியாமல் இருப்பது.

ஒரு தளம் தயாரானதும் அவளைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு கணினியின் முன் உட்காரவைப்பார்கள். "டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குங்க அண்ணி" என்பதுபோல ஒரு வேலையைச் சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள். யாரும் உதவக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. அவள் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். "இது என்ன, அமுக்கறதா, சும்மா பார்க்கறதா?" என்று அவள் முனகினால் போதும், படித்த பிள்ளைகள் நாலு பேர் தலையைக் குனிந்து எழுதுவார்கள். அவள் பெருமூச்சு விட்டால் அதையும் எழுதுவார்கள். அடுத்த வாரம் அந்தப் பொத்தான் வேறு நிறத்தில், வேறு இடத்தில் இருக்கும்.

வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடித்து வெகு காலமாகிறது. "இன்னைக்கு மார்க்கெட்ல..." என்று தொடங்கினால் கணவர் டிவியின் ஒலியைக் கூட்டுவார், அல்லது மார்க்கெட்டைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பேருந்துப் பணிமனையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை என்பது அவர் சொல்லித்தான் தெரியும்.

"புரியலைன்னு சொல்றதுக்கு ஒரு சம்பளமா!" என்பார். "கொடுத்து வெச்சவடி நீ. நான் எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டு வேலை பார்த்து என்னத்தைக் கண்டேன்?"

சம்பளத்துக்காகவா அவள் போகிறாள்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் ஒரு அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது. அந்தச் சுகத்தை இவரிடம் எப்படி விளக்குவது, இவர் விளக்கவிட்டால்தானே?

வேலைக்கு ஆபத்து அவள் மூளையிலிருந்தே வந்தது. நாளாக ஆக எல்லாம் புரியத் தொடங்கிவிட்டது. மூன்று கோடு போட்ட சின்னத்தைத் தொட்டால் பட்டியல் விரியும், படத்தைத் தள்ளினால் அடுத்த படம் வரும் என்று கை தானாகவே போனது. கெட்டிக்காரியாகிவிட்டால் நாற்காலி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தடுமாறப் பழகினாள். அதிலும் ஒரு நாணயம் வைத்திருந்தாள்: தொடக்கத்தில் எங்கே உண்மையாகவே தடுமாறியிருப்பாளோ, அங்கே மட்டும்தான் தடுமாறுவாள். தளத்துக்கு இறுதி ஒப்புதல் தருமுன் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "அண்ணிக்குப் புரிஞ்சுதா?"

இப்படித்தான் ஒரு மருத்துவமனையின் தளம் வந்தது. நாளும் நேரமும் தேர்ந்தெடுத்த பிறகு அமுக்க வேண்டிய 'உறுதி செய்' பொத்தான் திரையின் மேல்மூலையில் இருந்தது. அன்று அவள் நடிக்கவில்லை; நிஜமாகவே அது கண்ணில் படவில்லை. "எங்கே இருக்குன்னே தெரியலையே" என்றாள். பொத்தானைக் கொஞ்சம் கீழே இறக்கினார்கள். அப்போதும் தெரியவில்லை. இன்னும் இறக்கினார்கள். கடைசியில் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்ததும், "ஆங், இப்ப இருக்கு பாருங்க, ராஜா மாதிரி!" என்றாள். அறை கைதட்டியது.

தளம் வெளியான மறுநாளிலிருந்து மருத்துவமனையின் தொலைபேசிக்கு ஓய்வில்லை. நாளைத் தேர்ந்தெடுத்தோம், நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம், அப்புறம் என்ன செய்யணும் என்று ஊரே கேட்டது. கைபேசித் திரைக்கு வெகு கீழே, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில், அந்தப் பொத்தான் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அண்ணி பார்த்து ஓகே சொன்னதுதானே?" என்று முதலாளி தலையைச் சொறிந்தார். அவளை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புதிதாக ஒருவரை வைத்தும் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. கணினியைத் தொட்டே பார்க்காத ஆள் யார் இருக்கிறார்கள்?

"நம்ம அண்ணன் இருக்காரே!" என்றார் முதலாளி.

கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முதல்முறையாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மருத்துவரைத் தேர்ந்தெடுத்தார், நாளைத் தேர்ந்தெடுத்தார், நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை செருமினார்.

"எப்படி இருக்குண்ணே?" என்று முதலாளி ஒலிவாங்கியில் கேட்டார்.

"பிரமாதம். சின்னக் குழந்தைகூடச் செஞ்சிடும்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

குறிப்பெடுத்த பெண் 'சிக்கல் ஏதும் இல்லை' என்று எழுதினாள். அந்தக் குறிப்பு அப்படியே போனால் பொத்தான் சரி, அண்ணி சரி, ஊர்தான் தப்பு. அவள் நாற்காலியும் பத்திரம். மருத்துவமனைக்குப் போன் போட்டுக்கொண்டே இருக்கப்போகும் நோயாளிகளை நினைத்தால்தான் எரிச்சலாக வந்தது. அவள் குறிப்பெடுத்த பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்குப் புரியலைம்மா" என்றாள்.

"பிரமாதம்னு சொன்னாரே அண்ணி?"

"தொண்டையைச் செருமினா புரியலைன்னு அர்த்தம். ரெண்டு தடவை செருமினா சுத்தமாப் புரியலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்." பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். "இதுல கிட்டத்துல இருக்கறதைப் பார்க்கக் கீழ்ப்பாதி மட்டும்தான். திரையில மேலே இருக்கறதைப் படிக்கணும்னா நான் வானத்தைப் பார்க்கற மாதிரி அண்ணாந்து பார்க்கணும். என் ஒருத்தி கண்ணுக்காகப் பொத்தானைத் தூக்கிப் பாதாளத்துல போட்டுட்டீங்க. அதுவும் போகட்டும், எனக்கு இதெல்லாம் புரிய ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு."

பொத்தான் மேலே ஏறியது. மருத்துவமனையின் தொலைபேசி அடங்கியது. முதலாளி நெகிழ்ந்துபோனார்.

"இனிமே உங்களை அங்க உட்காரவெச்சா பாவம் அண்ணி. நீங்க எங்க ஆளு."

கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். கூட்டங்களில் இடம் கொடுத்தார்கள். முதல் கூட்டத்திலேயே அவள், "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று ஆரம்பித்தாள். குறிப்பெடுக்கும் பெண் குறுக்கே பாய்ந்து வேறொன்றைச் சொன்னாள். சற்றுப் பொறுத்து மறுபடி ஆரம்பித்தாள். "ஒரு நிமிஷம் அண்ணி" என்றார் முதலாளி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இப்போது அவளுடைய வேலைக்கு வந்துவிட்ட கணவர் தொண்டையைச் செருமியிருந்தார். மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடி எழுதத் தொடங்கியது.

வீடு திரும்பும்போது அவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சாவி போட்டுக் கதவைத் திறக்கையில் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கவனிச்சியா? நான் பேசறப்ப அங்க ஒருத்தர்கூடக் குறுக்கே பேசலை. இருமினாக்கூடக் கேட்கறாங்கடி."

"கேட்பாங்க" என்றாள் அவள். "அது..."

"அந்த நாற்காலிகூட என்னமா இருக்குங்கறே!" என்றார் அவர்.