காலை வண்டி யூசுப் பாயின் யோசனை

யூசுப் பாய் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர், பால் பூத் வரிசையில் நின்ற ஓர் அம்மா. "உங்க சங்கத்துப் பொருளாளர் போயிட்டாராமே சார்" என்றார். கையிலிருந்த பால் கவரோடு அப்படியே அவர் கடைக்கு நடந்தேன். ஷட்டர் இறங்கியிருந்தது. அடக்கம் நடக்கும் நேரத்தை அதன்மேல் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிட்லபாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர், நான் செயலாளர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு லேத் பட்டறைக்குப் போனவன் நான். சட்டப் புத்தகங்களை நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். அதனால் நான் ஒன்றைச் சொன்னால் யாரும் மறுக்கக் கூடாது என்றிருந்தேன். பாய் மறுத்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீடுகளின் சமையல் கழிவெல்லாம் ஏரிக்கரையில்தான் விழும். வீடு வீடாக வண்டி அனுப்பி அதை மட்டும் தனியாக வாங்கி எருவாக்கலாம் என்று பேரூராட்சிக்கு மனுமேல் மனு எழுதினேன். நிதி இல்லை என்றே பதில் வந்தது. கடைசியில் ஒரு செயல் அலுவலர் இறங்கி வந்தார். "மூணு மாசம் நீங்களே ஓட்டிக் காட்டுங்க. ஜனங்க கொடுக்கறதை நான் கண்ணால பார்த்தா வண்டிக்கும் ஆள் சம்பளத்துக்கும் பட்ஜெட்ல நிதி வெக்கறேன். இல்லைன்னா இத்தோட விட்டுடுங்க" என்றார்.

மூன்று சக்கர வண்டியைப் பாய் வாங்கிக் கொடுத்தார். தள்ளுவதற்கு ஏழுமலை என்பவரை வைத்தோம். அவருக்குக் காலையில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. எனவே மாலை ஆறரை என்று நேரம் குறித்தேன். ஆபீஸ் போனவர்களும் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

யாரும் கொடுக்கவில்லை. மணி அடித்தால் கதவைச் சாத்தினார்கள். "இன்னா சார், காலி வண்டியைத் தள்ளிகினு ஊர்கோலம் போறேன். நாய்கூட திரும்பிப் பாக்கல" என்றார் ஏழுமலை. நான் தெருத்தெருவாகப் போய்த் திட்டினேன். பொறுப்பற்ற ஜனங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு பாய் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், விளக்கு வெச்ச பிறகு என் கடையில ஊசி கேக்க மாட்டாங்க, உப்பு கேக்க மாட்டாங்க. அந்த நேரத்துல வீட்டுக் குப்பையை வாசப்படி தாண்டிக் கொடுப்பாங்களா? லட்சுமி போயிடுவான்னு பயப்படறாங்க. வண்டியைக் காலையில விடுங்க."

"அது மூடநம்பிக்கை. அதுக்காக நான் நேரத்தை மாத்த மாட்டேன். அவங்கதான் மாறணும்."

"மாறட்டும் சார். அதுக்கு வேற நாள் பார்த்துக்கலாம். இப்ப வண்டி நிறையணும்."

"காலையில தள்ள ஆள் ஏது?"

"நான் இருக்கேன்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் ஆறு மணிக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனையில் வண்டியோடு நின்றார். கடைக்கு வரும் பெண்களிடம் முன்பே சொல்லி வைத்திருக்கிறார். ஊசிப்போன சோறும் காய்த்தோலும் வாழை இலையும் வாளி வாளியாக வந்தன. டீக்கடையில் நின்ற ஒருவர், "இன்னா பாய், வியாபாரத்தை மாத்திட்டியா?" என்று சீண்டினார். "ஆமாம்ப்பா. இதுல எடை குறையுதுன்னு யாரும் சண்டைக்கு வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார் பாய். அந்த மாதம் முழுக்கக் கடையைத் தாமதமாகத்தான் திறந்தார். அந்த மாதம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

செயல் அலுவலர் பார்வையிட வந்த அன்று வண்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. "காலை நேரம்ங்கறது யாரோட யோசனை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பாய், "செயலாளர் சாரோட ஏற்பாடு" என்றார். அவர் கையில் அடுத்த வீட்டு வாளி இருந்தது. நான் மறுக்கவில்லை. நிதி ஒதுக்கினார்கள். ஏழுமலை மூட்டை தூக்குவதை விட்டு, மாதச் சம்பளத்துக்குக் காலை வண்டிக்கு வந்தார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டேன். "உங்க மனு இல்லைன்னா அவர் இந்தத் தெருவுக்கே வந்திருக்க மாட்டார். நான் ஒரு மாசம் நடந்தேன். நீங்க நாலு வருஷம் நடந்தீங்க சார்" என்றார்.

பேரூராட்சி பின்னர் வைத்த பலகையில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அவர் பெயரை முதலில் விட்டவன் நான்.

"செயலாளரின் யோசனைப்படி வண்டி நேரம் காலைக்கு மாற்றப்பட்டது" என்று அந்த மாதக் கூட்டக் குறிப்பில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒப்புக்கொண்ட குறிப்பைத் திருத்தக் கூடாது என்பது சங்க விதி. அந்த விதியைக் காட்டி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நேற்று அடக்கம் முடிந்து, மூன்று பிடி மண் போட்ட கையைக் கழுவிக்கொண்டு சங்க அறையைத் திறந்தேன். 'செயலாளரின்' என்பதை அடித்து, மேலே 'பொருளாளர் யூசுப் பாய் அவர்களின்' என்று எழுதினேன். ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். நான் மாற்றப் போவதில்லை.

மை காயும்வரை அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். பாய், நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. உங்களிடமிருந்து தொடங்குகிறேன். போய் வாருங்கள்.