அவர் குடிக்காத பீடிகள்

பீடி குடிக்காத ஒரு மனிதரை, பீடி குடிக்கிறார் என்று அவருடைய மனைவியின் முன்னால் வைத்துச் சொன்னேன். தெரியாமல் சொல்லவில்லை. விரல்களைப் பார்த்தேன், கறை இல்லை. பல்லைப் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. சட்டைப்பையில் தீப்பெட்டியின் தடம்கூட இல்லை. இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. திருவொற்றியூரில் நாற்பது வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். நான் சொன்னால் இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

அவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர், வீடு ராயபுரத்தில். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் மணிக்கணக்காக வரிசையில் நிற்பார். முன்னால் ஒரு நிலக்கரி லாரி, பின்னால் ஒரு நிலக்கரி லாரி, வண்டியில் ஏசி கிடையாது, இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்திருக்கும். இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது நான் கேட்கவே இல்லை. அவருக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா. வாயில் வைத்து அடிக்கும் நீல நிற பம்ப் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அடித்தவுடன் மூச்சுக்குழாய் விரியும், இரண்டு நிமிடத்தில் ஆள் எழுந்து உட்காருவார். முப்பது வருடமாக எல்லோருக்கும் அதைத்தான் எழுதினேன்.

ஆறு மாதத்தில் அவர் நிலைமை மோசமாகிவிட்டது. சிரித்தால் இருமல் வந்துவிடும். நண்பர்கள் வேடிக்கை பேசினால் எழுந்து அந்தப் பக்கம் போய்விடுவாராம். நான் பம்பை இரண்டு தடவையிலிருந்து நாலு தடவையாக்கினேன். நாலை ஆறாக்கினேன். இடையிடையே ஒரு ஊசி.

ஒரு நாள் பகல் ஒன்றரை மணிக்குப் புருஷனும் மனைவியுமாக வந்தார்கள். அந்த அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவர். கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேராகக் கேட்டார்.

"ஆறு மாசமா இத்த அடிச்சுகினே கீறாரு. ஏன் டாக்டரு அடங்க மாட்டேங்குது?"

மிகவும் சரியான கேள்வி. ஒரு டாக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. காரணம் எனக்குத் தெரியவில்லை. பசி வேறு. "மருந்து மேல தப்பு இல்லம்மா. உன் வீட்டுக்காரர் வெளியில எதை இழுக்கிறார்னு கேளு" என்றேன். விரலால் பீடி பிடிப்பது போலக் காட்டியும் வைத்தேன்.

அவர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அவருடைய இருமலே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் சாப்பிடப் போனேன்.

பிறகு நடந்ததெல்லாம் என் கிளினிக் சிஸ்டர் மூலமாகத்தான் தெரியும். சிஸ்டர் குடியிருப்பதும் அதே தெருவில்தான். அந்த மனிதர் மகள் பிறந்தபோது, இனி பீடியைத் தொடுவதில்லை என்று மாதாவுக்கு நேர்ச்சை செய்தவராம். பதினாலு வருடமாகத் தொடவில்லை. அதற்குப் பலனாக, ஒவ்வொரு வருடமும் திருவிழாவில் மாதா தேருக்கு முன்வரிசையில் தோள் கொடுப்பார். நான் சொன்ன அன்று மாலையே அந்த அம்மா கோயிலுக்குப் போய், தேர் தூக்குகிறவர்கள் பட்டியலிலிருந்து புருஷன் பெயரை அடிக்கச் சொல்லிவிட்டார். நேர்ச்சையை உடைத்தவன் தோளில் மாதா ஏறக் கூடாது என்பது அவர் தீர்ப்பு.

அதோடு விடவில்லை. தினமும் மாலையில் அவர் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஊதச் சொல்வாராம். டிராஃபிக் போலீஸ் போல முகத்தைக் கிட்டே கொண்டுபோய், "ஊது" என்பாராம். இழுப்புக்காரர் எப்படி ஊதுவார்? பாதி மூச்சில் நின்றுவிடும். "தம் கட்டி ஏமாத்துறான் பாரு" என்று அதற்கும் திட்டு. எதிர்வீட்டுப் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டே அன்றைய முடிவு என்ன என்று கேட்பார்களாம். மழை பெய்தால் மட்டும் குடைக்குள் பரிசோதனை.

சிஸ்டர் நடித்துக் காட்ட, நான் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தேன். ஒன்றரை வருடம் சிரித்தேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டர்களுக்குப் பயிற்சிக் கூட்டம் என்று ஒன்று உண்டு. புதிய ஆராய்ச்சிகள், மாறிய சிகிச்சை நெறிமுறைகள், எல்லாம் சொல்லித் தருவார்கள். இத்தனை மணி நேரம் கலந்துகொண்டோம் என்று காட்ட வேண்டும். நான் போவேன், கையெழுத்துப் போடுவேன், பிரியாணி சாப்பிடுவேன், வந்துவிடுவேன். தபாலில் வரும் மருத்துவ இதழ்களைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அடுக்கி வைத்திருந்தேன். எடை பார்க்கும் மெஷின் ஆடாமல் இருக்க அதில் இரண்டு உதவின.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டல் ஹாலில் கூட்டம். பிரியாணி தாமதமானதால் உட்கார வேண்டியதாயிற்று. பேச வந்தவர் இளம் பெண் டாக்டர், என் மகளைவிடச் சின்னவர். அவர் பேசவே இல்லை. மருந்து இல்லாத பயிற்சி பம்புகளைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, முன்வரிசையில் இருந்த நரைத்தலைகள் ஒவ்வொருவரிடமும் ஒன்று கொடுத்தார். "தினமும் எழுதிக் குடுக்கிறீங்க. ஒரு தடவை நீங்களே இழுத்துக் காட்டுங்க சார்" என்றார்.

நான் மூடியைக் கழற்றினேன். குலுக்க மறந்தேன். இருக்கும் மூச்சை முதலில் வெளியே விட வேண்டும், அதையும் விடவில்லை. வாயை ஆவென்று திறந்து அழுத்தினேன், அழுத்திய பிறகு இழுத்தேன். நாக்கில் பட்டது பட்டபடி திரும்பி, உதட்டிலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் கிளம்பி மேலே போனது.

"சார், ஹாலுக்குள்ள புகை பிடிக்கக் கூடாது" என்றார் அந்தப் பெண்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில், எண்ணூர் சாலையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் முகம் வந்து நின்றது. அவருக்குப் பம்ப் அடிக்கக் கற்றுக் கொடுத்தவன் நான். இதே போலத்தான் கற்றுக் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு திரையில் வந்ததை நான் கண் இமைக்காமல் பார்த்தேன். நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுத்து ஆஸ்துமாவை நடத்துவது கூடாது என்று நெறிமுறை மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டனவாம். அது குழாயை விரிக்கும், ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. நோயாளி நலமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டே இருக்கும்போது வீக்கம் ஏறி, ஒரு நாள் பெரிய தாக்குதல் வரும். வீக்கத்தைத் தணிக்கும் மருந்தும் குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்த பம்ப்தான் இப்போது முறை. அடங்கவில்லை என்றால் மருந்தைக் கூட்டுவதற்கு முன், ஒழுங்காக இழுக்கிறாரா, எங்கே வேலை பார்க்கிறார் என்று பாருங்கள் என்று கடைசி வரி. நோயாளியின் மேல் பழி போடுங்கள் என்று எந்த வரியிலும் இல்லை. பிரியாணி வந்தது. நான் சாப்பிடவில்லை. நாற்பது வருடத்தில் முதல் தடவை.

மறுநாளே அவரைக் கூப்பிட்டேன். புது பம்ப் எழுதினேன். பக்கத்தில் உட்காரவைத்துப் பத்துத் தடவை பழக்கினேன். அடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொன்னேன், இல்லையென்றால் வாயில் புண் வரும். வண்டியில் போட்டுக்கொள்ள நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. உடம்பு சரியாகிவிட்டால் மற்றதும் தானாகச் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். கோழையின் கணக்கு.

ஆறு வாரத்தில் இழுப்பு அடங்கிவிட்டது. சிஸ்டரிடம் ஆவலாகக் கேட்டேன், இனி ஊதும் பரிசோதனை கிடையாதே என்று. சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், பார்த்தீர்களா, இப்போதுதான் பீடியை விட்டிருக்கிறான், அதனால்தான் இழுப்பு நின்றது, டாக்டர் அன்றைக்கே சொன்னார் என்று. நான் குணப்படுத்தியதே அவர் குற்றத்துக்கு ருசுவாகிவிட்டது. திருவிழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை.

அன்று மாலை ஆட்டோ பிடித்து ராயபுரம் போனேன். அவர்கள் தெருமுனையில் ஒரு மாதா கெபி இருக்கிறது. நீலச் சுவர், சீரியல் லைட், கண்ணாடிக்குள் மாதா. அதன் எதிரில்தான் பெண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த அம்மா கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதியோடு நான் இறங்கியதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று.

நின்றபடியே சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் பீடி குடித்ததற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, நான் கொடுத்த மருந்துதான் பழைய முறை, இழுக்கக் கற்றுக் கொடுத்ததும் தப்பு, அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு அவர் தலையில் போட்டுவிட்டேன்.

"அப்போ இன்னாத்த கண்டு சொன்னே?"

"எதையும் காணலம்மா. சும்மா சொன்னேன்."

"சும்மா?" என்றார். கையில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அது என் மேல்தான் வரும் என்று நினைத்தேன். "ரெண்டு வருசமா என் வூட்டு வாசல்ல கோர்ட்டு நடத்திகினு கீறேன். நீ சும்மா சொன்னியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிர்வீட்டுப் பெண் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. இப்போதாவது ஒழுங்காக இழுக்கத் தெரியுமா, இழுத்துக் காட்டு என்று கட்டளை போட்டார். பயிற்சி பம்ப் பையில் இருந்தது. குலுக்கினேன். மூச்சை முழுக்க வெளியே விட்டேன். உதட்டால் இறுக்கிக் கவ்வி, அழுத்திக்கொண்டே மெதுவாக இழுத்து, மூச்சைப் பிடித்தேன். தெருவே ஒன்று, இரண்டு என்று எண்ணியது. பத்துக்குப் பிறகு வேண்டுமென்றே பதினைந்து வரை எண்ணினார்கள். என் கண் பிதுங்கியது.

அந்த அம்மா குனிந்து என் வாயைப் பார்த்தார். "பொக வரல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குள் வேலை முடிந்து வீட்டுக்காரரே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். பேயடித்தது போல நின்றார். என்னை ஆட்டோ வரை கொண்டுவிட வந்தவர், மனைவிக்குக் கேட்காத தூரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு குடிச்சேன் டாக்டரு. நீ சொன்னியே, அன்னிக்குத்தான். உன் கிளினிக் தாண்டி. பேருதான் வாங்கிட்டமே, ருசியாச்சும் பாப்பம்னு. ரெண்டு இழுப்பு, தூக்கிப் போட்டேன். மெய்யா."

நோயாளி சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஆட்டோ ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. திருவொற்றியூர் வரும் வரை நிற்கவில்லை. டிரைவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு விடட்டுமா என்று கேட்டார்.

திருவிழா மாலை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கடல் காற்று பலமாக அடித்தது. தேர் திருப்பத்தில் வந்தது. முன்வரிசையில், இடது தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு அவர். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் அந்த அம்மா வந்து நின்றார். தலையில் மல்லிகை. தேரைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ சொன்னியே, அன்னிக்கு ஒண்ணு குடிச்சுட்டுதான் வூட்டுக்கு வந்தாரு. எனக்குத் தெரியும். மீன் விக்கிறவ மூக்கு இது. அந்த ஒண்ணுதான் வாசனை வந்துச்சு, அப்பாலிக்கா வரவே இல்ல. ரெண்டு வருசம் ஊத வச்சுப் பாத்தேன், வரல. ஆனா என் மூக்க நம்பாம, டாக்டரு சொல்லாச்சேன்னு உன்னத்தான் நம்புனேன்."

நான் தொழில் விதியை நினைத்துத் தேரைப் பார்த்தேன்.

"நீ ஒண்ணும் பேச வேணா. அது அவரு பீடி இல்ல டாக்டரு, உன்னுது." ஒரு மெழுகுத்திரியை என் கையில் வைத்தார். "அதுக்கு நீயே ஏத்து."

ஏற்றினேன், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினேன், மறுபடி அணைத்தது. மூன்றாம் தடவை வேட்டித் தலைப்பை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, விபூதியும் வியர்வையுமாக நான் மெழுகுத்திரியோடு போராடிக்கொண்டிருந்தபோது தேர் எங்களைக் கடந்தது. அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். தோளில் அந்தக் கனத்தோடு, வாய்விட்டு, அடுத்த திருப்பம் வரை சிரித்துக்கொண்டே போனார். நான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு தடவைகூட இருமவில்லை.