மூன்றாவது ஆளின் இடம்

மின்ஹா துபாயில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கென்று உம்மா தாஜுன்னிசா கீழக்கரையில் கட்டிய மாடி வீடு மாப்பிள்ளைக்காகக் காத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வரப்போவது யார் என்பதை மின்ஹாவே முடிவு செய்துவிட்டாள். யூசுஃப், தான்சானியாக்காரர், அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். ஐந்து வேளையும் தொழுபவர். ஆள் நல்ல கறுப்பு.

அங்கேதான் வந்தது வினை. எங்கள் தெருவைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். மார்க்கத்தில் நிறபேதம் இல்லை என்று பள்ளிவாசல் பயானில் ஆலிம் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் பெண்ணுக்குச் சிவப்பாக மாப்பிள்ளை தேடுவோம். யூசுஃபின் போட்டோ போன் போனாகச் சுற்றியது. "ஊருல பையனா இல்ல?" என்றார்கள். தாஜுன்னிசா மகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

லீவில் வந்த மின்ஹா, பெரியம்மா மகள் காலிதாவின் கல்யாணத்துக்குக் கிளம்பினாள். போகாதே என்றார்கள். "எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான் ஏன் போகக்கூடாது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெண்கள் பக்கம் பாய் விரித்துச் சஹன் வைத்திருந்தார்கள். பெரிய தட்டில் சோற்றைப் போட்டு, மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். ஆள் சேராமல் கறி வைக்கமாட்டார்கள். மின்ஹா ஒரு சஹன் முன்னால் உட்கார்ந்தாள். வந்தவர்கள் அவளைக் கண்டதும் வேறு சஹனுக்கு நகர்ந்தார்கள். சின்ன வயதில் அவளோடு ஒரே தட்டில் கைபோட்டவர்களும்தான்.

கறிச்சட்டியோடு வந்த மலிகா மாமி, "ஆள் சேரலையேம்மா. சோத்த வீட்டுக்குக் கொடுத்து விடவா?" என்றார்.

மரியாதையாகவே எழுப்பி அனுப்பப் பார்த்தார் மாமி. எவ்வளவு கெட்டிக்காரத்தனம், பாருங்கள். இன்று எழுந்து போனால் இனி எந்த விசேஷத்திலும் தனக்கு இடம் இல்லை என்று மின்ஹாவுக்குத் தெரிந்தது.

"நான் இங்கனயே சாப்புடுறேன் மாமி. இருக்கேன்."

முதல் பந்தி எழுந்தது. அடுத்த பந்தியும் உட்கார்ந்து எழுந்தது. அவள் முன்னாலிருந்த சோறு ஆறி விறைத்தது. போனைக்கூட எடுக்காமல், வருகிற முகங்களை நேராகப் பார்த்தபடி இருந்தாள். தலையைக் கவிழ்த்துக்கொண்டது அவர்கள்தான்.

அடுப்படிப் பக்கம் நின்ற தாஜுன்னிசாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் இன்னும் சரின்னு சொல்லல," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "எம்புள்ள பசியோட உக்காந்திருக்கத என்னால பாக்க முடியல. அம்புட்டுத்தான்."

"இப்பத்திக்கு அது போதும், உம்மா."

மலிகா மாமி விடவில்லை. "இன்னும் ஓராளு வேணுமே?"

"அந்த எடம் அவருக்கு. பெருநாளைக்கு வாராரு," என்றாள் மின்ஹா. "நீங்க கறிய வைங்க, மாமி."

மாமி தாஜுன்னிசாவைப் பார்த்தார். தாஜுன்னிசா பிஸ்மி சொல்லிச் சோற்றில் கைவைத்தார்.