ஒவ்வாத மருந்தின் பெயர் ளரடகய

2006ஆம் ஆண்டு, மொன்றியலில் பனி கொட்டத் தொடங்கிய நாட்கள். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் தமிழ் முதியோர் மன்றம் இருந்தது. அங்கே வரும் அம்மா, ஐயாமாரின் விபரங்கள் எல்லாம், ஒவ்வாத மருந்து உட்பட, ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஒன்றும் விளங்காது. அதனால் எல்லாவற்றையும் எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று நானாகவே முன்வந்தேன். கம்ப்யூட்டர் படித்தவன் என்ற தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

அவற்றை வருடக்கணக்காக அடித்துச் சேர்த்த அக்கா பக்கத்தில் நின்றார். "முதல் ஒரு கொப்பி எடுத்து வைச்சிட்டுத் தொடங்கும் தம்பி," என்றார். பத்து நிமிட வேலைக்குப் பிரதியெல்லாம் எதற்கு என்று சிரித்துவிட்டு, அசலிலேயே மாற்றத் தொடங்கினேன். ஆட்களின் பெயர்கள் அழகாக மாறின. நான் சரிபார்த்ததும் அவற்றை மட்டும்தான்.

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் மன்றத்து அம்மா ஒருவரைக் கடும் காய்ச்சலோடு, நினைவு தடுமாறிய நிலையில் கொண்டுவந்திருக்கிறார்கள். கைப்பையில் எங்கள் அட்டை இருந்ததாம். வேலைக்குப் போன மகள் போனை எடுக்கவில்லை. மருந்து ஏற்றப் போகிறோம், ஒவ்வாதது ஏதும் உண்டா என்று தாதி பிரெஞ்சில் கேட்டார்.

பதிவைத் திறந்தேன். அந்த இடத்தில் "ளரடகய" என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் வாசித்துக் காட்ட வசதி என்று அக்கா மருந்துப் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் அடித்திருந்தார். நான் அவற்றையும் பாமினி என்று எடுத்து மாற்றியிருக்கிறேன். அடுத்த பதிவும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். திரும்பிப் போகப் பிரதி இல்லை. அந்த அம்மாவுக்கு ஏதும் நடந்தால் நான்தான் கொன்றவன் என்று நினைத்தேன். தாதி மறுமுனையில் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா திரையை ஒரு தரம் பார்த்தார். ஏசவில்லை. விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, வழக்கமாகப் பாமினி அடிக்கிற மாதிரியே ள, ர, ட, க, ய என்று அடித்தார். தமிழ் எழுத்துருவை மட்டும் போடவில்லை. விரல்களுக்கு மனப்பாடம். அந்த விசைகளின் ஆங்கில எழுத்துகள் திரையில் சல்பா என்று விழுந்தன.

"சல்பா குடுக்க வேண்டாமெண்டு சொல்லும். கெதியாச் சொல்லும்."

சொன்னேன். அதைத்தான் கொடுக்க ஆயத்தமாக இருந்தார்களாம். தாதி மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் நாற்காலியில் இருந்து அழுதேன்.

பிறகு அக்காவும் நானும் இரண்டு கிழமை இருந்து, முதலில் பிரதி எடுத்து, ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்து மீட்டோம்.

அந்த அம்மா சுகமாகித் திரும்பி வந்தார். நடந்ததை அவரிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை. என்னைக் காணும் போதெல்லாம், "எங்கட விபரமெல்லாம் இந்தத் தம்பியின்ர கையில பத்திரமா இருக்கு" என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார்; இன்றும் எந்தத் தரவைத் தொடப் போனாலும் அந்தக் குரல் கேட்கிறது, பிரதி எடுத்து முடியும்வரை என் கை நகர்வதில்லை.