வேன் மாமாவின் இருமல்

பள்ளி வேன் ஓட்டுகிறவர்களில் பிள்ளைகளை மூட்டை மாதிரி ஏற்றி இறக்குகிற ரகம் ஒன்று உண்டு. வேன் மாமா அந்த ரகம் இல்லை. பதினாறு பிள்ளைகளில் யாருக்குப் பல் ஆடுகிறது, யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூக்கை உறிஞ்சிக்கொண்டோ இருமிக்கொண்டோ ஒரு பிள்ளை ஏறினால் மற்றதெல்லாம் "ஐயே" என்று ஒதுங்கும். அது மாமாவுக்குப் பொறுக்காது. "நீ வாடா ராஜா, முன்னாடி உட்காரு. இன்னைக்கு நீதான் என் கண்டக்டர்" என்று தன் பக்கத்து சீட்டைக் கொடுத்துவிடுவார். அந்த சீட்டுக்காகவே பொய்யாக இருமுகிற கில்லாடிகளும் உண்டு.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் முரண்டு பிடித்தார். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். சோதனைக்குப் போன இடத்தில், கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ். பிறந்த கையோடு குழந்தைக்கு அந்த ஊசியைப் போட முடியாது, சில வாரம் பொறுக்க வேண்டும், அதுவரை அம்மா உடம்பிலிருந்து போகிற எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காவல் என்று பொறுமையாக விளக்கவும் செய்தாள். மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஊசியே கூடாது.

அவரைத் திட்டவும் மனசு வராது. முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்கு நாலு நாள் முன்புதான் மனைவிக்கு ஏதோ ஓர் ஊசி போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். வெறுங்கையோடு வீடு திரும்புகிறவன் காதில் அதெல்லாம் எங்கே ஏறும்?

"இனிமே உன் உடம்புல ஒரு குண்டூசிகூட படக் கூடாது" என்றார் மனைவியிடம்.

"சரிங்க" என்றாள் அவள். பேச்சு அதோடு முடிந்தது.

பெண் குழந்தை பிறந்தது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேனை நிறுத்திய மறு நிமிஷம் குழந்தை அவர் மடியில் இருக்கும். அதன் முகத்தோடு முகம் வைத்து அன்றைய வேன் சமாச்சாரம் அத்தனையும் ஒப்பிப்பார்.

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது அவருக்கு இருமல் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. ரோட்டுப் புழுதி என்று நினைத்து வெந்நீர் குடித்துச் சமாளித்தார். ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு வெளியே வரும்போது இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு விட முடியாமல் கண் பிதுங்கி, கடைசியில் வாந்தியில் போய் நின்றது. அங்கே நின்றிருந்த ஒரு பையனின் அம்மா ஓடி வந்தாள்.

"அண்ணே, என் பையனுக்குக் கக்குவான் இருமல்னு நேத்துதான் சொன்னாங்க. உடனே போய்க் காட்டுங்க."

மூன்று வாரம் முன்பு மூன்று நாள் முன் சீட்டில் கண்டக்டராக வந்தவன் அந்தப் பையன்தான்.

அன்றே மாமாவும் மனைவியும் குழந்தையும் டாக்டர் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தவர் சந்தேகமே வைக்கவில்லை. "மருந்தை இன்னைக்கே ஆரம்பிங்க. அஞ்சு நாள் குழந்தை பக்கமே போகாதீங்க. ஆமா, கர்ப்பமா இருந்தப்போ இவங்க கக்குவான் ஊசி போட்டாங்களா?"

"இல்ல டாக்டர். போடச் சொன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்." மாமா குழந்தையைப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் காரணம்."

"போட்டுக்கிட்டேன் டாக்டர்" என்றாள் மனைவி. பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். ஏழாம் மாதத் தேதியும் நர்ஸின் கையெழுத்தும் அதில் இருந்தன.

"நல்லதா போச்சு. வரவே வராதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா பாப்பாவுக்குப் பெரிய பாதுகாப்பு இருக்கு. உங்களுக்கும் பாப்பாவுக்கும் முன்னெச்சரிக்கையா மருந்து தரேன். மூணு வாரம் கவனமா பாருங்க."

அந்த மூன்று வாரமும் குழந்தை ஒரு தும்மலுக்கு மேல் போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். அதை ஒளித்து வைத்துப் பதற வைப்பது பாவம்.

வெளியே வந்து வேனில் ஏறினார்கள். மாமா முகக்கவசத்தோடு முன்னால் உட்கார்ந்தார். அவள் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, குழந்தையோடு கடைசி சீட்டுக்குப் போனாள். பொய் சொன்னதற்குத் திட்டு விழும் என்றுதான் காத்திருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஊசி போட்ட அன்னைக்குக் கடை ஷட்டரை இழுத்ததுல கை வலிக்குதுன்னு சொன்னேனே. நீங்ககூட முதலாளியைத் திட்டிக்கிட்டே தைலம் தேய்ச்சு விட்டீங்க. எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. எனக்கும்தானே ஒரு பிள்ளை போச்சு? நாலு நாள் தாண்டுற வரைக்கும் வயித்துல இருந்து கையை எடுக்கல. அசையுதா, அசையுதான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்களும் அப்படித்தான் கிடந்திருப்பீங்க. ஒருத்தர் பயந்தா போதும்னு விட்டுட்டேன்."

மாமா எழுந்தார். அவளிடம் போக இரண்டு சீட்டு தாண்டியவர், டாக்டர் சொன்னது நினைவு வந்து அங்கேயே நின்றுவிட்டார்.

"அந்த நாலு நாளும் நான் நல்லா தூங்கினேனேம்மா" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே அழுதார்.